வீட்ல சொல்லிட்டாங்க

பனியனைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பானெட்டின் மேல் போட்டு இழுக்கிறேன், தூசி ஒன்றும் இல்லை, நேற்றுத்தான் துடைத்தேன், முந்தாநாளும் துடைத்தேன், இருந்தாலும் இன்னொரு வாட்டி துடைச்சிரு ருக்கு என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார், காரை வாங்க வந்திருக்கிற ஈரோட்டுக்காரர் காப்பி குடித்துவிட்டு வெளியே வந்து பார்க்கும்போது காரில் முகம் தெரியணுமாம். தெரிகிறது. என் முகம்தான் தெரிகிறது, சிவப்பில் முங்கி, மூக்கு அகலமாக, கோபத்தில் இன்னும் அகலமாக. நான் கோபமாக இருக்கிறேன் என்பது இந்தக் காருக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன், வாங்க என்று வாய்க்குள்ளேயே சொன்னேன், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். திரும்பும்போதுதான் அந்த ஈரோட்டுக்காரர் கேட்டார், முப்பது வயசுகூட இருக்காது, கழுத்தில் கயிறு மொத்தத்துக்குச் சங்கிலி, "இவ்வளவு ஆசையா வச்சிருந்துட்டு ஏனுங்கண்ணா குடுக்கறீங்க?" இவர் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், சாவு வீட்டில்கூட அப்படி ஒரு மூச்சை இவரிடமிருந்து நான் கேட்டதில்லை. "என்னங்க பண்றது தம்பி, வீட்ல சொல்லிட்டாங்க." அந்த ஆள் தொடையில் தட்டிச் சிரிக்கிறான், "எல்லா வீட்லயும் இதே கதைதானுங்கண்ணா, நமக்கு எது புடிக்குதோ அது வீட்டுக்குப் புடிக்காது." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு முதுகில் அந்தச் சிரிப்பு பட்டது, ஈரத்துணி பட்ட மாதிரி. வீட்ல சொல்லிட்டாங்க. யார் சொன்னது? வீட்டில் நான் இருக்கிறேன், அத்தை இருக்கிறார், பத்து மாதப் பாப்பா இருக்கிறாள். பாப்பாவுக்குச் சொல்லத் தெரிந்தது ப்பூ ஒன்றுதான். அத்தை சொல்லவில்லை, என்ற பையன் ஆசைப்பட்டு வாங்குனது, வந்தவ சொன்னான்னு விக்கறான் என்று பக்கத்து வீட்டில் அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் நான்தான். எப்போது சொன்னேன்? எந்தக் கிழமை, எந்த இடத்தில் நின்று சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன், பனியன் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, சிவப்பு தேய்ந்துவிடும்போல இருக்கிறது. நான் சொன்னது எனக்கே அக்கா சொல்லித்தான் தெரிந்தது. தாராபுரத்திலிருந்து போன் செய்தாள், "ஏண்டி ருக்கு, அந்தக் காரை வித்தே ஆகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறியாமா? பாவம்டி அந்த மனுசன்." ஆரு சொன்னா என்றேன். "போன்லயே போட்டிருக்காரே, உங்க மாமன் காட்டுனாரு." அன்றைக்கு இவர் குளிக்கப் போன நேரத்தில் இவருடைய போனை எடுத்தேன், குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிகம் ஓடாத, உயிராய் நேசித்த ஸ்போர்ட்ஸ் கார், ஒன்பதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே, மனைவியின் வற்புறுத்தலால் மனமில்லாமல் விற்பனைக்கு. வற்புறுத்தல் என்ற வார்த்தையை மூன்று தடவை படித்தேன். நான் ஏழாவதோடு நின்றவள், அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் வாயால் சொன்னதுகூடக் கிடையாது, சொல்லவே வராத ஒன்றை நான் செய்துவிட்டேனாம். கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அழுகிற மூஞ்சிகளாகப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் எழுதியிருந்தார், சிஸ்டருக்கு ரசனை பத்தலை ப்ரோ. சிஸ்டராம். ரசனையாம். இந்தக் காரின் வலது பக்க விளக்குக்குக் கீழே கடுகு அளவு ஒரு காயம் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துக் காட்டக்கூடியவள் நான் ஒருத்திதான், இதோ, இங்கேதான், விரல் தானாகப் போய் நிற்கிறது.

இந்தப் பனியனும் இவருடையதுதான். பட்டியில் எண்பத்தைந்து என்று போட்டிருப்பது இன்னும் அழியவில்லை. கல்யாணத்தின்போது எண்பத்தைந்து, கார் வாங்கும்போது தொண்ணூறு, இப்போது கடைக்காரர் நூற்றைந்தை எடுத்துப் போட்டுவிட்டுப் பத்துமாங்க என்று என்னைப் பார்க்கிறார். இதுதான் விஷயம். இந்தத் துணிதான் விஷயம். கார் விற்கிறதற்குக் காரணம் என் வாயில் இல்லை, இவருடைய வயிற்றில் இருக்கிறது. அவினாசியில் இவருடைய பார்ட்னர் வீட்டு வளைகாப்புக்குப் போன அன்றைக்கு நான் கூட இருந்தேன், பாப்பா பிறந்து மூணு மாதம், மடியில் வைத்திருந்தேன். மண்டபத்து வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார், எல்லாரும் பார்க்கணும் என்று. எல்லாரும் பார்த்தார்கள். கதவைத் திறந்தார், ஒரு காலை வெளியே வைத்தார், அதற்கு மேல் வரவில்லை. கார் தரையோடு தரையாக இருக்கிறது, வயிறு ஸ்டியரிங்கில் முட்டுகிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு தடவை எம்பினார், பொத்தென்று உட்கார்ந்தார், இன்னொரு தடவை எம்பினார். வேஷ்டி கட்டியவர்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து, சேற்றில் மாட்டிய எருமையை இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். "மாப்ள, ஜேசிபிக்குச் சொல்லட்டுமா?" என்று ஒருத்தர் கேட்டார். சந்தனக் கும்பா வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ போனில் எடுத்து அவர்கள் குரூப்பில் போட்டும் விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. சாமி சத்தியமாக எனக்குச் சிரிப்பு வரவில்லை, இவருடைய காது மடல் இந்தக் காரை விடச் சிவப்பாக இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்தேன். தலையணைக்குள்ளிருந்து, "ஆர்கிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி" என்றார். நான் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை, அத்தை கேட்டதற்குச் சூடு பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். அன்றையிலிருந்து ஏழு மாதமாக இவர் இந்தக் காரில் உட்காரவில்லை. நான் இவர் மானத்தை என் வாய்க்குள் வைத்துப் பூட்டினேன், இவர் என்ன செய்தார், பூட்டிய வாயின் மேலேயே பழியைத் தூக்கி வைத்தார். இடுப்புப் பிடிக்குது ருக்கு, என்னால ஏறி எறங்க முடியல, குடுத்தர்லாமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் நானே மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பியிருப்பேனோ என்னவோ. இல்லை, அனுப்பியிருக்க மாட்டேன். தெரியவில்லை. பாப்பாவுக்குச் சீட் இல்லை என்று இவர் சொல்வதும் பொய் இல்லை, இரண்டு சீட்டில் மூன்று பேர் எத்தனை நாளைக்கு, அதற்கு வேறொரு காரையும் பார்த்து வைத்திருக்கிறார், ஏழு பேர் உட்காருகிறது, ஏறுவதற்குப் படி வைத்தது. படி வைத்தது என்பதைச் சொல்லும்போது இவர் முகம் எப்படி மலர்ந்தது. அதை வாங்கட்டும். யார் வேண்டாம் என்றது. அதற்கு நான் எதற்கு நடுவில். துணியை உதறுகிறேன், தண்ணீர் என் காலிலேயே தெறிக்கிறது. வீட்ல. இவருடைய போனில் என் நம்பரை வீடு என்றுதான் போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாள் இவர் போன் எங்கே என்று தேடுவதற்காக நான் அடித்தேன், சோபாவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது, குனிந்து பார்த்தால் வீடு வீடு என்று மின்னுகிறது. நான் வீடு. அந்த வீடு அத்தை பேரில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் இவரும் பார்ட்னரும். என் பேரில் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான், அதுவும் யாரும் ஆசைப்பட்டு எழுதவில்லை, சனீஸ்வரன் தயவு. வாங்குகிற நேரத்தில் இவருக்கு ஏழரை நடந்தது. அத்தை சாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், சோசியர் சொல்லிவிட்டார், சிவப்பு வண்டி, வேகமான வண்டி, பையன் பேர்ல வேண்டவே வேண்டாம், மருமகளுக்கு வாகன யோகம் இருக்குது, அவ பேர்ல போடுங்க. சரி என்று என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்து மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், மா. ருக்குமணி, மா. ருக்குமணி, மா. ருக்குமணி, மூன்றாவதில் ணி கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்தச் சனி போய் ஆறு மாதம் ஆகிறது. சனி இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கார் இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே துடைக்கிறேன். இந்த வாசனை, தோலும் பெட்ரோலும், பாப்பா கக்கின பால் வாசனை ஒரு துளியும். முழங்காலை வைத்து ஏறி, பிறகு சீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், ஸ்டியரிங்கைத் துடைக்க வேண்டுமே, நின்றுகொண்டு துடைக்க முடியாது, யார் கேட்டாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே கிளாஸ் வைக்கிற சத்தம், அத்தை பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டுகிற சத்தம், ஆ காட்டு சாமி, ஆ காட்டு, வாயைத் தொறந்தாத்தானே. வாயைத் திறந்தால்தானே. எல்லாருக்கும் சொல்வது அதுதான், எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடுவார், ருக்குமணி, நான் உள்ளேன் ஐயா என்பேன், ஆனால் அது உதட்டைத் தாண்டாது, முன்பெஞ்சுப் பிள்ளைக்கே கேட்காது. அவர் தலையைத் தூக்காமலே வரலை என்று போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், சிலேட்டுக் கலர் பாவாடையில், இரட்டைச் சடையில், முழுசாக. சொல்ல எழுந்திருப்பதா வேண்டாமா என்று நினைப்பதற்குள் மணி அடித்துவிடும். வருசக் கடைசியில் என் அப்பாவைக் கூப்பிட்டுப் பாதி நாள் வரவே இல்லை என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து எங்கடி போன, எங்க சுத்துன என்று வேப்பங்குச்சியால் அடித்தார், எங்கேயும் போகலைப்பா என்பதும் உதட்டைத் தாண்டவில்லை, அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இருந்தவளை இல்லை என்று எழுதினார்கள். இப்போது சொல்லாதவளைச் சொன்னாள் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறதா? ஸ்டியரிங்கின் உள்பக்கம், விரல் படுகிற இடங்களில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது, துணியை விட்டு நீவுகிறேன். இங்கேதான், இந்தக் காருக்குள்தான், என் சத்தம் எனக்கே முதல் தடவை கேட்டது. கார் வந்த புதிதில், பாப்பா வயிற்றில் வருவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைட்டுப் போட்ட ஒரு பொட்டல் காட்டுக்குக் கூட்டிப் போவார், ஒரு வீடு கிடையாது, நம்பர் எழுதின கல் மட்டும் நட்டிருக்கும். "உன்ற பேர்லதானே இருக்குது, நீயே ஓட்டு" என்று இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அப்போது இறங்க முடிந்தது. சிரித்துக்கொண்டே, தொண்ணூறு பனியனில். கிளட்ச்சை மெல்ல உடு, மெல்ல, மெல்ல, அடக் கெரகமே, முட்டை மேல கால் வைக்கற மாதிரி வையி. இந்தக் காரின் சத்தம் சாதாரணச் சத்தமா, அடிவயிற்றில் இருந்து வருகிற சத்தம், அதில் மெதுவாகப் பேசினால் எதுவும் கேட்காது. இவர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் பேசிப் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தினேன். "பிரேக்கு எங்க இருக்குதுங்கோ!" இவர் காதைப் பொத்திக்கொண்டார். "கத்தாதடி!" கத்தாதே. என்னைப் பார்த்து ஒருத்தர் கத்தாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை, எனக்குத் தொண்டையெல்லாம் இனித்தது. நம்பர் கற்கள் பின்னால் ஓடுகின்றன, முள்ளு நாற்பதைத் தொட்டது, நான் கத்திக்கொண்டே ஓட்டினேன், அக்கா கல்யாணத்தில் நடந்தது, எனக்குப் பிடித்த குழம்பு எது, அத்தை என்னைச் சொன்னது, எல்லாவற்றையும் கத்தினேன், இவர் கேட்டார், சிரித்தார், அது எனக்குத் தெரியாதே ருக்கு என்றார். வீட்டு வாசலில் வந்து இஞ்சினை நிறுத்தியதும் என் சத்தமும் நின்றுவிடும். லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றார், எல்எல்ஆர் எடுத்தோம், பாப்பா வயிற்றில் வந்தாள், ஆட்டம் ஆகாது என்றார் அத்தை, எல்எல்ஆர் காலாவதியாகித் தையல் எந்திரப் பெட்டியில் கிடக்கிறது, ஓடாத கார் என்று இதைச் சொல்கிறார்கள். யார் ஓட்டவிட்டார்கள்? இந்த ஏழு மாதமும் பேட்டரி செத்துப்போகாமல் வைத்திருந்தது யார் என்று அந்த ஈரோட்டுக்காரர் கேட்டாரா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, இவர் ஒர்க்‌ஷாப் போன பிறகு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு நான்தான் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் ஓடவிடுவேன். போர்டிகோவுக்குள் மூன்றடி முன்னால், மூன்றடி பின்னால். எந்தத் தாலாட்டுக்கும் தூங்காத பாப்பா இந்த உறுமலில் கண் சொக்கிப்போவாள். அவள் தூங்கின பிறகு நான் சத்தமாகப் பேசுவேன், கண்ணாடியைப் பார்த்து, என்ன வேண்டுமானாலும்.

ஜன்னல் வழியாகக் காகிதம் புரளுகிற சத்தம். "ஏனுங்கண்ணா, ஆர்சி புக்குல ருக்குமணின்னு இருக்குதுங்களே, ஆருங்க அது?" என் கை நின்றுவிட்டது. என் பேரை ஒரு அசலூர் ஆள் முழுசாகச் சொல்கிறான், ணி சாயாமல் நேராக. உள்ளேன், உள்ளேன் என்று நாக்கு அசைகிறது. இவர் சொல்கிறார், "அதுவா, அது வீட்லதானுங்க தம்பி." அது. வீட்ல. "அப்ப அவங்க கையெழுத்து வேணுமுங்களே." "அதெல்லாம் போட்ருவாங்க. எங்க வீட்ல வாயே தொறக்க மாட்டாங்க, நீங்க எது சொன்னாலும் ம்முங்கறதோட சரி." சிரிக்கிறார்கள். மறுபடியும் சிரிக்கிறார்கள். இருங்கள், இருங்கள், வாயே திறக்காதவள் எப்படி வற்புறுத்தினாள்? ஒரே நாக்கு, ஒரே சோபா, காப்பி ஆறுவதற்குள் இரண்டும் சொல்லியாயிற்று, சொல்லிட்டாங்க என்பதும் சொல்லவே மாட்டாங்க என்பதும், அந்த ஆளுக்காவது தோன்ற வேண்டாமா, செயினைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அந்த ம். அதுதான். பாப்பாவுக்குக் காய்ச்சல், மடியில் போட்டுப் பாலாடையில் மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன், பாதி மருந்து கழுத்தில் வழிகிறது, அப்போது வாசற்படியில் நின்றுகொண்டு இவர் ஏதோ சொன்னார், காரைக் குடுத்தர்லாம்னு பாக்கறேன், என்னங்கற? நான் ம் என்றேன். காதில் விழுகிறது என்கிற ம். சொல்லுங்க என்கிற ம். கொஞ்சம் பொறுங்க என்கிற ம். கதை கேட்கிற குழந்தைகூட ம் கொட்டும், அதற்காக ராட்சசன் ராசகுமாரியைத் தூக்கிப் போனதற்கு அந்தக் குழந்தை சம்மதித்தது என்று ஆகிவிடுமா? அந்த ஒற்றை எழுத்தை எடுத்துப்போய் வற்புறுத்தல் என்று நீட்டி எழுதிவிட்டாரே இந்த மனிதர். ஏழு வருசம் பள்ளிக்கூடம் போனேன், ஒற்றெழுத்துக்கு உயிர் இல்லை என்று சொல்லிக்கொடுத்தார்கள், இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பயமாக இருக்கிறது. உள்ளே போனால் டீப்பாயில் காகிதம் இருக்கும், பெருக்கல் குறி போட்ட இடம் இருக்கும், பேனாவை நீட்டுவார்கள், மூன்று பேரும் என் கையைப் பார்ப்பார்கள், என் கை எனக்குத் தெரியாமலே மா. ரு. என்று ஆரம்பித்துவிடும். ஆரம்பித்த கையெழுத்தைப் பாதியில் நிறுத்த எனக்குத் தெரியாது. இவர் முகம் வாடுமே. வந்த ஆளுக்கு முன்னால் மறுபடியும் அந்தக் காது மடல் சிவக்குமே. சிவக்கட்டும். என் முகம் எத்தனை ஊரில் வாடியது, தாராபுரம் வரைக்கும் வாடியது. இவருடைய இடுப்பை நான் இப்போதும் சொல்லப் போவதில்லை, அது எனக்கும் தைலப் புட்டிக்கும் தெரிந்தது, அதோடு இருக்கட்டும், அதைச் சொல்லாமலே இந்த விற்பனையை நிறுத்த வேறு வழி இருக்கிறது, நேற்றுவரை எனக்குத் தோன்றாத வழி, இவரே சொல்லிக்கொடுத்த வழி. சீட்டுக்கு அடியில் கையை விடுகிறேன், கம்பியைத் தூக்கி, பின்னால் தள்ளியிருக்கும் சீட்டை முன்னால் இழுக்கிறேன், கட கட கட, என் கால் எட்டுகிற அளவுக்கு, இதோ எட்டிவிட்டது, கிளட்ச்சு, பிரேக்கு. சாவியை எங்கே வைத்தேன், இடுப்பில்தான் செருகியிருக்கிறேன். இஞ்சின் ஓடினால்தான் எனக்குச் சத்தம் வரும் என்றால் ஓடட்டுமே. முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி. கதவைச் சாத்திச் சாவியைத் திருகுகிறேன். அடிவயிறு உறுமுகிறது, கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று போகின்றன, கண்ணாடியில் பார்க்கிறேன், முதலில் அத்தை வருகிறார் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் ராகி, பாப்பா என்னைப் பார்த்ததும் கையைத் தட்டுகிறாள், ப்பூ என்கிறாள் போலிருக்கிறது, பின்னாலேயே செயின்காரர், அவருக்குப் பின்னால் கையில் பேனாவோடு இவர், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒத்திகை பார்க்கிறேன், முதலில் யாரைப் பார்த்துச் சொல்வது, செயின்காரரைப் பார்த்துத்தான், தம்பி என்று ஆரம்பிக்கணும், இவரிடம் எல்லாரும் கேட்டு நம்பின அதே வார்த்தையைச் சொல்லணும், இவர் அதை மறுத்துப் பேச முடியாது, மறுத்தால் முன்னால் சொன்னதெல்லாம், "ருக்கு! ஏ ருக்கு! ஆஃப் பண்ணிட்டு எறங்கி வா, கையெழுத்துப் போடோணும்!" என்று இவர் கத்துகிறார், நான் ஆஃப் பண்ணவில்லை, கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி இவரை விட ஒரு பங்கு கூடவே கத்துகிறேன், "ஏனுங்க தம்பி, வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க, ருக்குமணின்னு போட்டிருக்குதல்ல, அவங்க சொல்லிட்டாங்க, இந்தக் காரைக் குடுக்கறதில்லைன்னு!"